போத்தல்களுக்கு எண் ஒட்டியவர்

செவ்வாய்க்கிழமைகளில் முட்டை வரும். அன்றைக்கு மட்டும் வெள்ளவத்தையிலிருந்து வழமையைவிட அரை மணித்தியாலம் முந்திப் புறப்படுவேன். முந்திப் போனாலும் பிந்திப் போனாலும் காலி வீதியில் பஸ் ஊரத்தான் செய்யும், அதைப் பேசிப் பயனில்லை. நான் ஆய்வுகூடத்துக்குள் நுழையும்போது எங்கள் உதவியாளர் அண்ணை ஏற்கெனவே வந்திருப்பார். குஞ்சுப் பண்ணையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த முட்டைத் தட்டுகளை மேசையில் இறக்கி, ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கீறல் விழுந்தவை ஒரு பக்கம், நல்லவை மறுபக்கம். நல்ல முட்டையைப் படுக்க வைத்து, மேல் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி மேலே பார்த்தபடி கிடந்தால்தான் உள்ளே வளரும் கருவான முளையமும் மேலே வந்து நிற்கும், மூன்றாம் நாள் ஓட்டில் ஜன்னல் வெட்டும்போது கண்ணில் படும்.

முளையம் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். வெள்ளவத்தையில் யாராவது கேட்டால் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன் என்று சொல்லித் தப்பிவிடுவேன். விடாமல் கேட்பவர்களுக்கு எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டு பல்பைக் காட்டுவேன். பல்ப் நாலாம் மாடியில், அதைப் போட்டு அணைக்கும் ஆளி கீழ்த்தளத்தில் காவலாளியின் கதிரைக்குப் பக்கத்தில். புதிதாக வருகிறவர்கள் நாலாம் மாடிச் சுவரெல்லாம் தடவிவிட்டு, பல்ப் பழுது என்று முடிவு கட்டுவார்கள். உடம்பிலும் இதே கூத்துத்தான். எல்லா உயிர்க் கலத்துக்குள்ளும் ஒரே மரபணுக்கள். எது எங்கே எப்போது எரிய வேண்டும் என்று சொல்லும் ஆளி பல வேளைகளில் மரபணுவுக்குப் பக்கத்தில் இராது. வெகு தூரத்தில், ஒன்றுக்கும் உதவாது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிய துண்டு ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும். நான் அந்த ஆளிகளைத் தேடுகிறவள். கோழிக் குஞ்சின் சிறகு எலும்பை நீள வைக்கும் ஆளி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சில வருடங்கள் நம்பியிருந்தேன்.

அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் சுத்த சைவம், நான் வாசலிலேயே செருப்போடு மானத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"இண்டைக்கு எத்தினை குஞ்சைக் கொண்டுபோட்டு வாறாய்?"

"முப்பது."

"முழுகிப்போட்டுக் குசினிக்குள்ளை வா."

கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. எண்ணிக்கை சரி. ஒன்பதாம் நாள் முளையங்களை எடுத்துச் சிறகை வெட்டி, குருத்தெலும்பு நீலமாகத் தெரியச் சாயம் ஏற்றி, சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் போட்டு வைப்பதுதான் அந்த வருடங்களில் என் அன்றாடம். முப்பது போத்தலில் பதினைந்து சிறகுகளில் அந்த ஆளியை அணைத்திருப்போம். மற்றப் பதினைந்திலும் ஜன்னல் வெட்டி, ஊசி குத்தி, மெல்லிய மின்சாரமும் கொடுத்திருப்போம், ஆனால் ஆளியைத் தொட்டிருக்க மாட்டோம். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் எலும்பை அளக்க வேண்டும். என் எண்ணம் சரியென்றால் அணைத்தவற்றில் எலும்பு கட்டையாக இருக்கும்.

அளக்கிறவருக்கு எந்தப் போத்தல் எது என்று தெரியக் கூடாது. இது எங்கள் தொழிலின் கற்பு மாதிரி. கட்டை என்று எதிர்பார்த்துக் கொண்டு பார்த்தால் கண் கட்டையாகத்தான் காட்டும், எவ்வளவு படித்த கண்ணாக இருந்தாலும். ஆகவே முடிவோடு சம்பந்தமில்லாத ஒருவர் பழைய லேபிள்களை உரித்துவிட்டு ஒன்றிலிருந்து முப்பது வரை எண் ஒட்டுவார். எந்த எண் எந்த வகை என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பூட்டி வைப்பார். அளந்து முடித்த பிறகுதான் நாங்கள் அந்தப் புத்தகத்தைத் திறப்போம். எண் ஒட்டும் வேலையை நான் அண்ணையிடம் கொடுத்தேன். ஏன் அவரிடம் என்று என் மாணவி கேட்டாள். "அவருக்கு முடிவு என்ன வந்தாலும் ஒண்டுதான், அதுதான் காரணம்" என்றேன். அண்ணை அடுத்த அறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருலப்பனையில் இருந்தவள். தகப்பன் இல்லை, தாய் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். என்னிடம் வந்த எல்லாரிலும் கை சுத்தம் அவளுக்குத்தான். முட்டை ஓட்டில் அவள் வெட்டும் ஜன்னலைப் பார்த்தால் எனக்கே பொறாமை வரும், ஒரு துளி இரத்தம் கசியாது. அவளுடைய பட்டமும் அதற்குப் பிறகு வெளிநாட்டில் கிடைக்கக்கூடிய இடமும் இந்தச் சிறகு எலும்பை நம்பித்தான் இருந்தன. முதல் முப்பது போத்தலை அளந்து நோட்டைத் திறந்தபோது வித்தியாசம் எதுவுமே இல்லை. அணைத்ததும் அணைக்காததும் ஒரே நீளம். முதற் தடவை அப்படித்தான், இன்னும் செய்வோம் என்று சொன்னேன். சரி மிஸ் என்று தலையாட்டினாள். பிறகு நடைபாதையில் இன்கியூபேட்டருக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறாள். அது எனக்கு வெகுகாலம் தெரியாது.

அடுத்த தடவை வித்தியாசம் வந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் தெளிவாக வந்தது. கரண்ட் போய்ப் போய் வந்த காலத்திலும் நாங்கள் விடவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாத நாட்களில் அண்ணை சுடுநீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி முட்டைகளுக்கிடையில் வைத்துக் காப்பாற்றினார். இரண்டு வருடத்தில் என்னிடம் அழகான ஒரு வரைபடம் இருந்தது. இவ்வளவு அழகான வரைபடம் என் வாழ்க்கையில் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அதைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் நினைவிருக்கிறது. தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் எடுக்கக் கோப்பையோடு அண்ணையின் அறைக்குப் போனேன், கெட்டில் அங்கேதான் இருந்தது. அவர் ஜன்னலோரம் முதுகை வளைத்துக்கொண்டு போத்தல்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் இரண்டு போத்தல்கள். வெளிச்சத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். எண் ஒட்டுகிற நேரத்தில் அறைக்குள் நான் போகக் கூடாது, அது நான் போட்ட சட்டம்தான். ஆகவே சுடுதண்ணீர் எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

அந்த வரைபடத்தை வைத்து எழுதிய கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. மாணவிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் கொடுத்தது, இந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் என்று அங்குள்ள பேராசிரியை எனக்கு எழுதியிருந்தார். அண்ணைக்கு நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ரிப்பன் கேக் வாங்கிக்கொண்டு த்ரீவீலில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இவ்வளவு வருடமாக ஒன்றாக வேலை செய்தும் அவர் வீட்டுக்கு அதுவே முதல் தடவை. அதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. கோயில் மதிலுக்குப் பின்னால், தோட்டம் என்று அவர்கள் சொல்லும் சந்து, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். பூசை முடிந்து வந்த உடுப்போடு அவர் வாசலில் நின்றார். அவருடைய மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டார், குளிர்பானம் உடைத்தார்.

கேக்கைக் கொடுத்து, நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று சொன்னேன். உபசாரத்துக்குச் சொல்கிற வார்த்தை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தப் புள்ள மொத தடவ அழுதிச்சே மிஸ், மெஷினுக்குப் பின்னுக்கு நின்னுகிட்டு. எனக்குத் தாங்கல. அதுக்கப்புறம் நான் பாத்துப் பாத்துத்தான் போட்டேன்."

"என்னத்தைப் பாத்து அண்ணை?"

"சின்னத சின்னதோட, பெருச பெருசோட. சின்னதுக்கெல்லாம் அணைச்சதோட நம்பர ஒட்டினேன். பொறுக்கிப் போட்டேன் மிஸ். ஒண்ணு ரெண்டு அப்பிடியே விட்டேன். எல்லாம் ஒரே மாதிரி வந்தா நல்லா இருக்காதுதானே."

நான் குளிர்பானத்தைக் குடித்து முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. அவர் ஒளித்துச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் சொல்லவில்லை. பண்ணையில் நல்ல முட்டையாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவரும் அதே அக்கறையோடு இதையும் செய்திருக்கிறார். எனக்குத் தெரியாமலிருப்பதுதான் முறை, ஆகவே எனக்குச் சொல்லாமல் செய்திருக்கிறார். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனிச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். ஒன்பது நாள் முளையத்தின் சிறகில் எது நீளம், எது கட்டை என்று வெறுங்கண்ணால் பார்த்துப் பிரித்திருக்கிறார். இருபது வருடம் அந்தச் சாமான்களோடு புழங்கிய கண். நான் நுணுக்குக்காட்டியில் அளந்து கண்டதை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் கண்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது த்ரீவீல்காரர் வானொலியில் சத்தமாகப் பாட்டுப் போட்டார். நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன். அவர் பாவம், உடனே அணைத்துவிட்டார்.

மறுநாள் காலை அண்ணையிடம் எது எது மாற்றியது என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. பழைய லேபிள்கள் அன்றன்றே குப்பைக்குப் போய்விட்டன. அதாவது இரண்டு வருடச் சிறகுகளில் எது எந்த வகை என்று இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நம்பக்கூடியது அந்த முதல் முப்பது மட்டும், ஒன்றுமே இல்லை என்று சொன்ன முப்பது. நான் கேட்ட தோரணையில் ஏதோ பிழை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கையைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்தினால் கத்துவேன் என்று பயமாக இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கோழியின்ரை செட்டை அரை மில்லிமீற்றர் கூடினால் என்ன, குறைஞ்சால் என்ன? ஆருக்கு நட்டம்?"

"பொய் அக்கா அது."

"அந்தப் பிள்ளை போறதும் பொய்யோ? உன்ரை அண்ணைக்கு ரெண்டு வருசத்திலை பென்சன். அது பொய்யோ?"

கோழியைப் பற்றி எனக்கும் பெரிய கவலை இல்லை. ஆனால் வேறு எங்கோ ஒரு ஊரில், எங்கள் வரைபடத்தை நம்பி, என் மாணவியைப் போல ஒருத்தி வருடக் கணக்காக முட்டையில் ஜன்னல் வெட்டுவாள். நாலாம் மாடிச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பாள். இல்லாத ஆளியை அவள் தேடித் தேடி, தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, ஏதோ ஒரு மெஷினுக்குப் பின்னால் நின்று அழுவாள். அவளுடைய முகம் தெரியாது என்பதற்காக அவள் இல்லை என்றாகாது. ஒரு கிழமை இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லச் சொல்லக் கிருலப்பனைப் பிள்ளையின் முகம்தான் முன்னுக்கு வந்து நின்றது. எனக்குப் பயமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம்.

கடைசியில், அச்சேறுமுன் கட்டுரையைத் திருப்பி எடுத்தேன். கடிதத்தில் போத்தல்களுக்கு எண் இடும்போது ஏற்பட்ட தவறு என்று எழுதினேன். யாருடைய தவறு என்று அவர்கள் கேட்பார்கள். ஆகவே இன்னொரு வரி சேர்த்தேன்: முழுத் தவறும் என்னுடையது, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை. அண்ணையின் பென்சனை நினைத்து எழுதிய பொய். நல்ல பொய் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டு எழும்பியபோது உடம்பு கொஞ்சம் இலேசானதாக இருந்தது, என்னைப் பற்றி எனக்கே ஒரு மரியாதை.

மாணவியை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அண்ணையைப் பற்றிச் சொல்லவில்லை, எண் இடுவதில் பிழை என்று மட்டும் சொன்னேன். அவள் விசா எடுத்து, குளிர் உடுப்புகள் வாங்கி, பயணத்துக்குத் தயாராக இருந்தாள்.

"நான் போனாப்பிறகு சொல்லியிருக்கலாமே மிஸ்."

"அப்ப அங்கை போய் நிண்டு கொண்டு தெரிய வந்திருக்கும், இன்னும் கஷ்டமெல்லோ."

"அங்கை நிண்டு கஷ்டப்பட்டிருப்பன்" என்றாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளிநாட்டுப் பேராசிரியை மரியாதையாக எழுதினார், இந்த வருடம் இடம் கொடுக்க முடியாமலிருக்கிறது என்று. அடுத்த வருடத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மாணவி இப்போது தனியார் இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை செய்கிறாள். அந்தச் சுத்தமான கையால் நாள் முழுக்கச் சிறுநீர்ப் போத்தல்களுக்கு லேபிள் ஒட்டுகிறாளாம். ஒரு நாள் காலி வீதியில், மரக்கறிக் கடைக்கு முன்னால் அவளைக் கண்டேன். அவளும் கண்டாள். வாகனங்கள் விடாமல் வந்துகொண்டிருந்த அந்த வீதியை, ஆட்கள் கடக்கும் மஞ்சள் கோட்டுக்குக்கூடப் போகாமல், அப்படியே குறுக்கே கடந்து மற்றப் பக்கம் போய்விட்டாள்.

நான் பரிசோதனையை மறுபடி செய்தேன். எண் ஒட்டும் வேலையை வேறு பீடத்து விரிவுரையாளர் ஒருவரிடம் கொடுத்தேன். ஏன் தன்னிடம் தரவில்லை என்று அண்ணை கேட்கவில்லை. முட்டை கொண்டுவந்தார், புள்ளி வைத்தார், தட்டுக் கழுவினார். முடிவு வந்தது. ஒன்றுமில்லை. அணைத்ததும் அணைக்காததும் ஒரே நீளம். அப்படி ஒரு ஆளி அந்த இடத்தில் இல்லவே இல்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவர் முட்டைகளை விளக்குக்குப் பிடிக்காமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கட்டுரை போனதும் மாணவியின் பயணம் நின்றதும் யாரோ சொல்லி அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"என்னாலதானே மிஸ் அந்தப் புள்ளைக்கு இப்பிடி ஆச்சு?"

"விடுங்கோ அண்ணை."

"நான் ஆபீஸ்ல போய்ச் சொல்லிர்றேன். செஞ்சது நான்தானே. பென்சன் போனாப் போவுது."

"தேவையில்லை. பிழை என்ரை எண்டு எழுதிக் குடுத்தாச்சு. இனி இதைப் பற்றி நீங்கள் கதைக்கக் கூடாது."

இதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த பெருந்தன்மை எனக்கே கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு தட்டின் ஓரத்தைத் தடவினார். அழுகிறார் என்று நினைத்தேன், அழவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மிஸ்?"

"கேளுங்கோ."

"அன்னிக்கு நீங்க கோப்பையோட வந்து கதவுகிட்ட நின்னீங்கதானே. நான் ஒரு போத்தல்ல ஒட்டினத உரிச்சு மத்ததுல ஒட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க. கொஞ்ச நேரம் நின்னீங்க மிஸ். அப்புறம் தண்ணிகூட எடுக்காம போயிட்டீங்க. மிஸ்ஸுக்கும் சரின்னுதான் நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னியோட நிப்பாட்டியிருப்பேன்."

நான் பார்க்கவில்லை அண்ணை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இந்தக் கதையை இதுவரை எழுதியபோதுகூட, கையில் இரண்டு போத்தல்கள், மாறி மாறிப் பார்த்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் நகத்தால் லேபிளின் மூலையைக் கிளப்பியதை எழுதவில்லை. அதை நான் கண்டேன். என்ன செய்கிறார் என்று என் உடம்புக்கு விளங்கியது, ஆகவேதான் வெறும் கோப்பையோடு திரும்பினேன். மேசைக்கு வந்து அந்த அழகான வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்டிருந்தால் அது என்னை விட்டுப் போயிருக்கும். கேட்கவில்லை.

முழுத் தவறும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தபோது பொய் சொல்லுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணை ஒரு முட்டையை எடுத்து விளக்குக்கு முன் பிடித்தார். கீறல் இருந்திருக்க வேண்டும், கழிக்கிற பக்கம் வைத்தார்.